ஆவி படியாத குளியலறைக் கண்ணாடி: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

உதகைக்குக் குடிவந்த முதல் மார்கழியில் அப்பா தாடையைக் கீறிக்கொண்டார். அவருக்கு 76 வயது. குளித்து முடித்து, மயிர் இளகியிருக்கும்போதே சவரம் செய்துகொள்வது அவருடைய 50 ஆண்டுப் பழக்கம். சமவெளியில் இருந்தவரை இதில் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. இங்கே ஒரு வாளி வெந்நீர் ஊற்றி முடிப்பதற்குள் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துவிடும். உள்ளங்கையால் துடைத்தால் ஒரு இழுப்பு இழுக்கும் நேரம் முகம் தெரியும், பிறகு மறுபடி மங்கிவிடும். அந்த இடைவெளியில் அவர் குத்துமதிப்பாகக் கத்தியை இழுத்திருக்கிறார். சிறிய கீறல்தான். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்பதால் நின்றுபோக வெகுநேரம் ஆனது. அன்றைக்கே இந்தக் கண்ணாடியைச் சரிசெய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். இரண்டு குளிர்காலங்களில் நான் செய்து பார்த்தவற்றில் பலன் தந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எந்தக் கைமுறை வேலை செய்யும், எது வீண் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

காற்று ஓரளவு நீராவியைத்தான் தாங்கும். சூடு கூடினால் தாங்கும் அளவும் கூடும், குளிர்ந்தால் குறையும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 12 டிகிரியில் அது 11 கிராமைக்கூடத் தொடாது. எங்கள் குளியலறை ஆறடி நீளம், ஐந்தடி அகலம், எட்டடி உயரம். கணக்குப் போட்டால் 7 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜனவரிக் காலையில் 12 டிகிரியில் இருக்கும் அந்த அறையின் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய நீர் 75 கிராம் அளவுதான், அதாவது காபி டம்ளரில் பாதி. ஒரு வாளி வெந்நீரிலிருந்து அதற்கு மேல் ஆவி எழும்புவதற்கு அதிக நேரம் ஆகாது. மிஞ்சிய ஆவி அறையிலேயே குளிர்ச்சியான, வழவழப்பான பரப்பைத் தேடிப் படியும். ஓடுகளிலும் குழாய்களிலும்கூடத்தான் படிகிறது, ஆனால் அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லை.

படிந்த நீர் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத குட்டித் துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிப்பதால் கண்ணாடி வெளுத்துப்போகிறது. அதே நீர் ஒரே படலமாகப் பரவியிருந்தால் முகம் தெளிவாகத் தெரியும். மழையில் நனைந்த கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆக, நாம் கைவைக்கக்கூடிய இடங்கள் மூன்று. ஆவி எழும்புவதைக் குறைக்கலாம், எழும்பியதை வெளியே அனுப்பலாம், கண்ணாடியின் பரப்பை மாற்றலாம். பெரும்பாலானவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கி, கடையில் ஏதாவது வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அலுத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசையில் போனால் முதல் இரண்டிலேயே பாதித் தொல்லை குறையும். அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வாளியில் குளிப்பவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரைப் பாதி பிடியுங்கள், அதன் மேல் கீசர் நீரைத் திறந்துவிடுங்கள். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பிடித்து, அது ஆவி பறக்க நின்றுகொண்டிருக்கும்போது பச்சைத் தண்ணீர் விளாவுவோம். 60 டிகிரி நீரின் ஆவியழுத்தம் 40 டிகிரி நீரினுடையதைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். வெந்நீர் திறந்த வாளியில் தனியாக நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் அறை நிறைகிறது. வரிசையை மாற்றியதும் எங்கள் வீட்டில் கண்ணாடி முழுதாக வெளுக்க எடுத்துக்கொண்ட நேரம் கண்கூடாகக் கூடியது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொதிநீர் வாளி தரையில் தனியாக இருக்கும் ஆபத்து போய்விடுகிறது.

அடுப்பில் காய்ச்சிய நீரைக் குளியலறைக்குக் கொண்டுபோகும் வீடுகளில் வெளியிலேயே விளாவிக்கொண்டு போகலாம். வாளிக்கு ஒரு தட்டை மூடியாகப் போடுங்கள். ஷவரில் குளிப்பவர்கள் சூடு வரட்டும் என்று வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் முழுதாகத் திறந்துவிட்டு வெளியே போய் நிற்காதீர்கள்.

அடுத்தது காற்று

என் மனதுக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி. கண்ணாடி நெடுநேரம் மங்கியே கிடக்கிறதென்றால் அறையில் காற்று மாறவில்லை என்று பொருள். அந்த ஈரம் கண்ணாடியோடு நிற்காது. சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணமாகவும், கதவின் அடிப்பகுதியில் உளுத்த மரமாகவும் பிறகு தெரியவரும்.

மலையூரில் குளிருக்குப் பயந்து குளியலறையின் மேற்சன்னலை அட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் வாடகைக்கு வந்தபோது எங்கள் சன்னலும் அப்படித்தான் இருந்தது. அட்டையை எடுத்துவிடுங்கள். உங்கள் குளியலறைக்குள்ளேயே எரிவாயு கீசர் இருந்தால், இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அடைத்த அறையில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கி, உதவிக்குக் கூப்பிடும் முன்பே மனிதரை விழவைத்துவிடும். குளிக்கப்போனவர் திரும்பி வராத செய்திகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் படிக்கிறோம். எரிவாயு கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் இடம் மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் இன்றே பேசுங்கள். மாற்றும்வரை வாளியில் நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, சன்னலைத் திறந்து காற்றை மாறவிட்ட பிறகு உள்ளே போங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதாக இருந்தால் அளவைக் கணக்கிடுவது எளிது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். வரும் எண்ணை எட்டால் பெருக்குங்கள், அதாவது மணிக்கு எட்டு முறை அறைக் காற்று முழுதும் மாறும்படி. எங்கள் 7 கன மீட்டர் அறைக்கு மணிக்கு 56 கன மீட்டர் வருகிறது. ஃபேனின் பெட்டியில் அது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றும் என்று அச்சிட்டிருப்பார்கள். வலை, தூசி, வளைந்த குழாய் எல்லாம் அதன் வேகத்தை உறிஞ்சிவிடும் என்பதால் கணக்கில் வந்ததைப்போல் இரண்டு மடங்காவது இருக்கும்படி வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ஆறு அங்குல ஃபேன் பெரும்பாலான வீட்டுக் குளியலறைகளுக்குத் தாராளமாகப் போதும். ஆவி மேலே ஏறுவதால் ஃபேனைச் சுவரின் மேல்பகுதியில், கூடியவரை கதவுக்கு எதிர்ப்பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

ஃபேன் வைத்த பிறகும் பலன் இல்லை என்று சொல்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது கதவின் அடிப்பகுதியைத்தான். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவு தரையோடு ஒட்டியிருந்தால் ஃபேன் வெறுமனே சுழலும். கதவுக்குக் கீழே முக்கால் அங்குல இடைவெளி இருக்கட்டும். சோதித்துப் பார்க்க, கதவைச் சாத்திவிட்டு ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஃபேனின் வலையருகே கொண்டுபோங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இழுபடுகிறது. கீழே விழுந்தால் ஒன்று வலை அழுக்கேறியிருக்கிறது, அல்லது உள்ளே வர வழியில்லை.

குளிக்கும்போது ஃபேன் ஓடினால் குளிர்கிறது என்று அப்பா சொன்னார். நியாயம்தான். 12 டிகிரிக் காற்று ஈர முதுகில் பட்டால் யாருக்கும் பொறுக்காது. அதனால் குளிக்கும்போது மேற்சன்னலை மட்டும் இரண்டு விரற்கடை திறந்து வைத்து, துவட்டிக்கொண்டதும் ஃபேனைப் போடுகிறோம். பிறகு 20 நிமிடம் ஓடவிடுகிறோம். இளவயதினர் உள்ளே நுழையும்போதே போட்டுக்கொள்ளலாம்.

சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் கண்ணாடி மங்குகிறதென்றால் காரணம் பெரும்பாலும் படுக்கையறை ஏசிதான். இரவு முழுவதும் குளியலறைக் கதவு திறந்திருக்கும், உள்ளிருக்கும் கண்ணாடியும் 24 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். வெளிக்காற்றே கசகசக்கும் ஊரில் காலையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாலும் போதும், கண்ணாடி பூத்துவிடும். இரவில் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். அங்கே அதுவே முக்கால்வாசித் தீர்வு.

கண்ணாடியின் பரப்பு

இப்போதுதான் சோப்புக்கு வருகிறோம். நீர் துளித்துளியாக நிற்பதற்குக் காரணம் அதன் பரப்பு இழுவிசை. சோப்பு அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சோப்புப் படலம் இருந்தால் படியும் ஆவி துளியாக உருளாமல் தாளாகப் பரவிவிடும். கடலில் முக்குளிப்பவர்கள் முகக்கண்ணாடியின் உட்புறத்தில் உமிழ்நீரைத் தடவிக்கொள்வதும் இதற்குத்தான். 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த யூஜீன் செர்னனுக்கு இரண்டு மணி நேரம் நீண்ட அந்த நடையில் தலைக்கவசத்தின் முகப்பு மங்கி, பார்வையே மறைந்துபோனது. அடுத்த பயணங்களில் முகப்பின் உட்புறத்தில் ஆவி படியாமலிருக்கக் கரைசல் பூசினார்கள். விண்வெளியிலும் குளியலறையிலும் ஒரே நீர், ஒரே மருந்து.

செய்முறை இது.

1. கண்ணாடியை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணியில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிடுங்கள். இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருக்கும் இடத்தில்தான் துளிகள் முதலில் பிடிக்கின்றன. என் மகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதினாள். மறுநாள் வெந்நீர் ஊற்றியதும் அதே பெயர் மறுபடி எழுந்து நின்றது. விரல் பட்ட இடத்தில் பரப்பு மாறிவிடுகிறது, நீர் அங்கே வேறுவிதமாகப் படிகிறது. மூச்சுக்காற்றில் இப்படித் தோன்றும் உருவங்களைப் பற்றி இயற்பியலாளர் ரேலி பிரபு 1911இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார்.

2. உலர்ந்த கண்ணாடியில், உலர்ந்த குளியல் சோப்புக் கட்டியால் நான்கைந்து கோடுகள் இழுங்கள். ஈரமான சோப்பு வேண்டாம், திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். திரவ சோப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு தேக்கரண்டி நீரில் மூன்று நான்கு சொட்டு கலந்து துணியில் நனைத்துத் தடவலாம்.

3. உலர்ந்த பருத்தித் துணியால் வட்ட வட்டமாகத் தேயுங்கள். முதலில் கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல் ஆகும், பயப்பட வேண்டாம். அந்தப் புகை மறைந்து முகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். புதிய துண்டு நூல் உதிர்க்கும். பலமுறை துவைத்து நைந்துபோன வேட்டித் துணிக்கு ஈடாக இதற்கு எதையும் நான் இதுவரை காணவில்லை.

4. தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் போட்ட படலம் போய்விடும்.

5. வாயை அகலத் திறந்து கண்ணாடியில் ஊதிப் பாருங்கள். மங்காமல் இருந்தால் வேலை முடிந்தது. மங்கும் இடத்தில் மட்டும் மறுபடி தடவுங்கள்.

முதல் முறை செய்பவர்கள் பாதிக் கண்ணாடிக்கு மட்டும் செய்து பாருங்கள். மறுநாள் காலை ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி தெளிவாகவும் இருப்பதைப் பார்த்தால், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டில் ஒரு பூச்சு ஐந்து நாள் தாங்குகிறது. மூன்று பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மட்டும் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு முறை நீர் வழியும்போதும் கொஞ்சம் சோப்பும் கூடவே வழிகிறது, அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

சவர நுரையும் இதே வேலையைச் செய்யும். எலுமிச்சை அளவு எடுத்துப் பரவலாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, துடைத்து மெருகேற்றுங்கள். அப்பாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நுரை கையில் இருக்கும்போதே கண்ணாடிக்கும் கொஞ்சம் பூசிவிடுகிறார். பூந்திக்கொட்டையிலும் சோப்பைப்போல் நுரைக்கும் பொருள் உண்டு, ஊறவைத்து வடிகட்டிய நீரைத் தடவிப் பார்த்தேன். ஆவியைத் தடுத்தது, ஆனால் பழுப்புச் சாயல் போக இருமடங்கு தேய்க்க வேண்டியிருந்தது.

மெழுகு, தேங்காய் எண்ணெய், கார் முன்கண்ணாடியில் மழைநீர் உருண்டோடப் பூசும் திரவம் ஆகியவற்றைத் தடவாதீர்கள். அவை நீரை விலக்குபவை. ஓடும் காரில் காற்று துளிகளைத் தள்ளிவிடும், குளியலறையில் தள்ள ஆளில்லை. துளிகள் அங்கேயே நின்று முன்பைவிட மோசமாகும். பற்பசையும் வேண்டாம். அதில் தேய்ப்புத் தூள் இருக்கிறது, மூலைகளில் வெள்ளையாகக் காய்ந்தும்போகும்.

ஏற்கெனவே மங்கிவிட்டதா?

கையால் துடைக்காதீர்கள். விரலின் எண்ணெய் நாளைய மங்கலுக்கு இன்றே வித்திடுகிறது. ஒரு சிறிய ரப்பர் வைப்பரை ஆணியில் மாட்டி வைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுங்கள், கீழே சேரும் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். உடனே முகம் பார்க்க வேண்டும், ஆனால் துடைக்கத் துடைக்க மங்குகிறது என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முகம் தெரியும் அளவு இடத்தை மட்டும் அழுத்தித் துடையுங்கள். கண்ணாடி அந்த இடத்தில் சூடாகிவிடுவதால் சவரம் முடியும்வரை தெளிவாக இருக்கும். கொதிநீரை நேராக ஊற்ற வேண்டாம், குளிர்ந்த கண்ணாடி விரிந்து வெடிக்கக்கூடும்.

தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊதினால் நொடியில் தெளியும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு 230 வோல்ட் கருவியைக் கையில் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சூடேற்றும் கண்ணாடி

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் இது. கண்ணாடியின் பின்புறம் ஒட்டும் மெல்லிய சூட்டுத் தகடு கிடைக்கிறது. விளக்கும் இதுவும் சேர்ந்தே வரும் கண்ணாடிகளும் கடைகளில் உண்டு. தகடு சில பத்து வாட் மின்சாரத்தில் கண்ணாடியை அறைக் காற்றைவிடச் சூடாக வைத்திருக்கும், ஆவி படியவே படியாது. தகடு இருக்கும் நடுப்பகுதி மட்டும்தான் தெளிவாக இருக்கும், மின்வெட்டில் பயனில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து, நில இணைப்போடு, 30 மில்லியாம்பியர் கசிவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ள இணைப்பில்தான் பொருத்த வேண்டும். கட்டும்போதே இன்னொன்றையும் யோசியுங்கள். வெளிச்சுவரில் மாட்டும் கண்ணாடி உட்சுவரில் மாட்டுவதைவிட அதிகம் குளிரும்.

பழைய வீடுகளில் வாஷ்பேசினும் கண்ணாடியும் கூடத்திலோ முற்றத்தோரத் தாழ்வாரத்திலோ இருந்தன. குளியலறை வேறு, முகம் பார்க்கும் இடம் வேறு. இடம் இருப்பவர்கள் அந்த ஏற்பாட்டுக்கே திரும்பலாம். குளியலறைக் கதவுக்கு வெளியே ஓரடிக் கண்ணாடி ஒன்றை மாட்டுவதற்கு இரண்டு ஆணி போதும்.

ரசத்தைக் காப்பாற்றுங்கள்

ஈரம் கண்ணாடிக்குச் செய்யும் நிரந்தரமான கேடு பின்புறத்தில் நடக்கிறது. பின்னால் பூசிய வெள்ளி ரசத்துக்குள் விளிம்பு வழியாக நீர் ஏறினால் ஓரங்களில் கறுப்பு படர்ந்து, மெல்ல உள்ளே பரவும். வீட்டில் அதைச் சரிசெய்ய வழியில்லை. எதைத் தெளிப்பதானாலும் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடியில் நேராகத் தெளித்தால் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கும். அமோனியா கலந்த திரவத்தை விளிம்பருகே கொண்டுபோகாதீர்கள். உப்புநீர்க் கறைக்கு வினிகர் போடுவதானால் பாதிக்குப் பாதி நீர் கலந்து, நடுப்பகுதியோடு நிறுத்தி, உடனே வெறும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

புதிய கண்ணாடி மாட்டும்போது சுவரோடு ஒட்டிவிடாமல் பின்னால் சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்புறமும் காய வேண்டும். விளிம்பை சிலிக்கான் பசையால் அடைக்கச் சொன்னால், காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையைக் கடைக்காரர் தந்தால் திருப்பிக் கொடுங்கள். அதிலிருந்து வெளிவரும் அமிலமே ரசத்தைத் தின்றுவிடும். கண்ணாடிக்கு ஏற்ற, அமிலமில்லாத சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.